திரையை ஓடவிடுவதற்கு முன்: உயர்நிலை வகுப்புகளில் பல்லூடகக் கருவிகளைக் கொண்டு இயற்பியல் கற்பித்தல்

1971 ஆகஸ்ட் 2 அன்று, அப்போலோ 15 விண்கலத்தில் நிலவுக்குச் சென்ற டேவிட் ஸ்காட், ஒரு கையில் சுத்தியலையும் மறுகையில் வல்லூறின் இறகையும் பிடித்து, தொலைக்காட்சிக் கேமராவின் முன்னால் இரண்டையும் ஒரே நேரத்தில் விட்டார். 1.32 கிலோகிராம் நிறையுள்ள சுத்தியலும் 0.03 கிலோகிராம் நிறையுள்ள இறகும் நிலவின் தரையை ஒன்றாகத் தொட்டன. காற்றில்லாத இடத்தில் எல்லாப் பொருள்களும் ஒரே முடுக்கத்தில் விழுகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சியை எந்த ஆசிரியரும் வகுப்புக்குள் கொண்டுவர முடியாது. ஆனாலும், இதே காணொலியை ஒருவர் ஒரு நிமிடத்தில் காட்டிவிட்டு அடுத்த தலைப்புக்குச் சென்றுவிடலாம்; இன்னொருவர் இதைக் கொண்டே ஒரு பாடவேளை முழுவதும் மாணவர்களைச் சிந்திக்க வைக்கலாம். பல்லூடகக் கற்பித்தலின் பயன் இந்த இரண்டு வகுப்புகளுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் இருக்கிறது.

இரண்டாவது ஆசிரியர் செய்வது மிக எளிது. சுத்தியலும் இறகும் கைகளில் இருக்கும் கட்டத்திலேயே காணொலியை நிறுத்திவிட்டு, எது முதலில் விழும், ஏன் என்று ஒவ்வொருவரையும் தாளில் எழுதச் சொல்கிறார். "நிலவில் ஈர்ப்பே இல்லை, ஆகவே இரண்டும் மிதக்கும்" என்று வகுப்பில் சிலராவது எழுதுவார்கள். பிறகு காணொலி ஓடுகிறது. மிதக்கும் என்று எழுதியவர் தம் கருத்தும் கண்முன் நடந்ததும் மோதிக்கொள்வதைத் தாமே காண்கிறார். அதன்பின் ஏறத்தாழ 1.6 மீட்டர் உயரத்திலிருந்து விழ எவ்வளவு நேரமாயிற்று என்று அளக்கச் சொன்னால், சுமார் 1.4 விநாடி கிடைக்கும். அதிலிருந்து நிலவின் ஈர்ப்பு முடுக்கம் ஏறத்தாழ 1.6 மீ/வி² என்று மாணவர்களே கணக்கிடுவார்கள். புவியில் இதே உயரத்திலிருந்து சுத்தியல் 0.57 விநாடியில் விழுந்துவிடும் என்பதையும் ஒப்பிட்டால், "நிலவில் ஈர்ப்பு இல்லை" என்ற எண்ணத்தின் இடத்தில் "நிலவில் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு" என்ற அறிவு வந்து அமர்கிறது.

திரையில் எதையும் ஓடவிடுவதற்கு முன் மாணவர் ஒரு விடையைத் துணிந்து சொல்லியிருக்க வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியில் நான் வலியுறுத்தப்போகும் முதன்மையான செய்தி. கருவிகளைத் தேர்ந்தெடுப்பது, நிறுவுவது, இயக்குவது ஆகிய அனைத்தும் இதற்கு அடுத்த நிலையில் வருபவை.

முன்கணிப்பு ஏன் இவ்வளவு முக்கியம்

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மசூரும் உடன் பணியாற்றியவர்களும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இயற்பியல் ஆசிரியர் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. வகுப்பில் செய்து காட்டப்படும் சோதனையை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்த மாணவர்கள், அச்சோதனையைப் பார்க்கவே பார்க்காத மாணவர்களைவிட அதன் அடிப்படைக் கருத்தைச் சிறப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. ஆனால் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே கணித்துவிட்டுப் பார்த்தவர்களின் புரிதல் தெளிவாக உயர்ந்தது. ஆசிரியரின் மேசையில் நேரில் நடக்கும் சோதனைக்கே இந்த நிலை என்றால், திரையில் ஓடும் படத்திற்கு எவ்வளவு கவனம் தேவை என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

சிட்னி பல்கலைக்கழகத்தில் டெரெக் முல்லர் செய்த ஆய்வும் இதே திசையில் ஓர் எச்சரிக்கையைத் தருகிறது. நியூட்டனின் விதிகளைப் பற்றிய இரண்டு வகைக் காணொலிகளை அவர் ஒப்பிட்டார். ஒன்று கருத்தை நேராகவும் பிழையின்றியும் விளக்கியது. மற்றொன்று மாணவர்களிடம் வழக்கமாகக் காணப்படும் தவறான எண்ணங்களை முதலில் உரையாடலாகப் பேசவிட்டு, அவை ஏன் தவறு என்பதைப் பிறகு காட்டியது. நேரான விளக்கத்தைப் பார்த்தவர்கள் அது தெளிவாக இருந்தது என்றே சொன்னார்கள். ஆனால் தங்கள் பழைய தவறான எண்ணத்தையே அக்காணொலியும் சொல்வதாக எடுத்துக்கொண்டார்கள். தவறான எண்ணங்களை எதிர்கொண்ட காணொலியைப் பார்த்தவர்கள்தாம் அதிகம் கற்றார்கள். ஆகவே ஒரு காணொலியை மாணவர்கள் "நன்றாகப் புரிந்தது, ஐயா" என்று பாராட்டுவதை மட்டும் வைத்துக்கொண்டு அதன் பயனை மதிப்பிடக் கூடாது.

முன்கணிப்பைக் கேட்கும் முறையிலும் கவனம் வேண்டும். "என்ன நடக்கும்?" என்று பொதுவாகக் கேட்டால் முன்வரிசையில் இருக்கும் இருவர் விடை சொல்லிவிடுவார்கள், மற்றவர்கள் அதையே தங்கள் விடையாக ஏற்றுக்கொண்டு அமைதியாகிவிடுவார்கள். ஒவ்வொருவரும் முதலில் தாளில் எழுத வேண்டும்; பிறகு அருகில் இருப்பவரிடம் தம் காரணத்தைச் சொல்ல வேண்டும்; அதன்பின் கை தூக்கச் சொல்லி, எத்தனை பேர் எந்த விடையை ஆதரிக்கிறார்கள் என்பதைக் கரும்பலகையில் எழுத வேண்டும். இதற்கு மூன்று, நான்கு நிமிடங்கள் போதும். தவறாகக் கணித்தவரைக் குறை சொல்லும் ஒரே ஒரு சொல் வந்துவிட்டால், அடுத்த முறை யாரும் உண்மையான எண்ணத்தை எழுத மாட்டார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

எதற்குத் திரை, எதற்குக் கைப்பொருள்

கண்ணுக்குப் புலப்படாதது, மிக வேகமாக நடப்பது, மிக மெதுவாக நடப்பது, மிகப் பெரியது, மிகச் சிறியது, வகுப்பறையில் செய்ய ஆபத்தானது ஆகியவற்றுக்குத் திரை வேண்டும். காந்தப்புலக் கோடுகள், வாயு மூலக்கூறுகளின் இயக்கம், ஒளிமின் விளைவு, கோள்களின் சுற்றுப்பாதை ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. ஆனால் ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் தனி ஊசல் கிடைத்துவிடும்போது, அதைத் திரையில் மட்டும் காட்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை. முதலில் நூலும் கல்லும், நீளத்தை மாற்றினால் அலைவு நேரம் எப்படி மாறுகிறது என்பதைக் கடிகாரத்தால் அளந்த பிறகு, "இதே ஊசலை நிலவுக்குக் கொண்டுபோனால்?" என்ற வினா எழும் இடத்தில் திரை வரட்டும். கையால் அளக்க முடிந்தவற்றை அளந்து முடித்த மாணவருக்கு, அளக்க முடியாத இடத்தில் கணினி என்ன சொல்கிறது என்பது உண்மையான ஆர்வத்தைத் தூண்டும்.

மின்காந்தத் தூண்டலைக் கற்பித்தபோது இதை நான் மறந்திருந்தேன். புலக்கோடுகளும் வண்ண அம்புகளும் நிறைந்த ஓர் அழகான அசைவூட்டப் படத்தைக் காட்டினேன். வகுப்பு அசையாமல் பார்த்தது. அடுத்த வாரத் தேர்வில் பெரும்பாலோர் "காந்தத்தைக் கம்பிச்சுருளின் அருகே வைத்தால் மின்னோட்டம் உண்டாகும்" என்று எழுதியிருந்தார்கள். 1831-இல் ஃபாரடே கண்ட செய்தியின் உயிரான "மாற்றம்" என்ற சொல் அவர்கள் விடையில் இல்லை. படம் முழுவதும் காந்தம் அசைந்துகொண்டே இருந்ததால், அசைவு என்பதே காரணம் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. இப்போது நான் ஒரு கம்பிச்சுருளையும், சிறு மின்னோட்டத்தையும் முள்ளசைவால் காட்டும் கால்வனோமீட்டரையும் மேசையில் வைத்து, காந்தத்தைச் சுருளுக்குள் அசையாமல் வைத்தால் முள் எங்கே நிற்கும் என்று முதலில் கேட்கிறேன். முள் சுழியிலேயே நிற்பதைப் பார்த்த பிறகுதான் திரை ஒளிர்கிறது.

சிமுலேஷன்களைக் கையாளுதல்

இயற்பியல் நிகழ்வுகளைக் கணினியில் போலச்செய்து காட்டும் சிமுலேஷன்களில் பலரும் அறிந்தது, கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் 2002-இல் தொடங்கப்பட்ட ஃபெட் திட்டம். 2001-ஆம் ஆண்டுக்கான இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வைமன் இதைத் தொடங்கினார். இதன் சிமுலேஷன்கள் இலவசமானவை. புதியவை உலாவியிலேயே ஓடுகின்றன. தரவிறக்கி வைத்துக்கொண்டால் இணைய இணைப்பு இல்லாமலும் இயங்குகின்றன.

நேர்மின்னோட்டச் சுற்றுகளை அமைக்கும் சிமுலேஷனை எடுத்துக்கொண்டு, ஒரு பாடவேளையை எப்படி நடத்தலாம் என்று பார்ப்போம். முதல் ஐந்து நிமிடங்களுக்கு மாணவர்கள் விரும்பியபடி விளையாடட்டும். இந்த ஐந்து நிமிடங்களை வீண் என்று கருதும் ஆசிரியர்கள் உண்டு. ஆனால் பொத்தான்கள் எங்கே இருக்கின்றன, கம்பியை எப்படி இழுப்பது, மின்கலத்தைக் குறுக்குச்சுற்றாக்கினால் தீப்பற்றுமா என்ற ஆர்வமெல்லாம் அப்போது தீர்ந்துவிடுவதால், பின்னர் கேட்கப்படும் வினாவில் அவர்கள் மனம் நிலைக்கும்.

அதன்பின் ஒரே ஒரு வினாவைக் கொடுக்க வேண்டும். ஒரு மின்கலம், ஒரு பல்பு கொண்ட சுற்றில், இரண்டாவது பல்பை முதலாவதுடன் தொடராக இணைத்தால் முதல் பல்பின் ஒளி கூடுமா, குறையுமா, மாறாமல் இருக்குமா? இரண்டாவது பல்பைப் பக்க இணைப்பாக இணைத்தால்? முதல் பல்பு மின்னோட்டத்தைச் "செலவழித்துவிடும்", ஆகவே அடுத்த பல்புக்குக் குறைவாகவே போய்ச் சேரும் என்று எண்ணும் மாணவர்கள் எல்லா வகுப்புகளிலும் இருப்பார்கள். அவர்கள் தம் கணிப்பை எழுதிய பிறகு, தொடர் இணைப்பில் இரண்டு பல்புகளுக்கும் முன்னும் இடையிலும் பின்னும், மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரை வைத்து அளக்கச் சொல்ல வேண்டும். மூன்று இடங்களிலும் ஒரே அளவு வருவதைக் காணும் கணம் மிக மதிப்புள்ளது, அந்தக் கணத்தில் ஆசிரியர் விளக்கத் தொடங்கிவிடாமல், "அப்படியானால் பல்பு எதைப் பயன்படுத்துகிறது?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆற்றல், மின்னழுத்த வேறுபாடு ஆகிய சொற்கள் அப்போது மாணவர்களிடமிருந்தே வரும்.

ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டுமே மாற்ற வேண்டும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். சிமுலேஷனில் எல்லாவற்றையும் ஒரு விரலசைவில் மாற்றிவிட முடிவதால், மின்தடையையும் மின்னழுத்தத்தையும் சேர்த்தே மாற்றிவிட்டு, எதனால் என்ன நடந்தது என்று தெரியாமல் திகைக்கும் குழுக்கள் இருக்கும். மின்னழுத்தத்தை 9 வோல்ட்டில் நிறுத்தி, மின்தடையை 10, 20, 30 ஓம் என்று மாற்றி அட்டவணை எழுதும் ஒழுக்கம், உண்மையான ஆய்வகத்திலும் அவர்களுக்குத் துணை நிற்கும்.

கொலராடோவில் 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், மின்சுற்றுகளைச் சிமுலேஷனில் கற்ற கல்லூரி மாணவர்கள், உண்மையான பொருள்களைக் கொண்டு கற்றவர்களைவிடக் கருத்து வினாக்களுக்குச் சிறப்பாக விடையளித்தார்கள். உண்மையான சுற்றை அமைக்கும் பணியிலும் முந்தி நின்றார்கள். இதை ஆய்வகத்தை மூடிவிடலாம் என்பதற்கான சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. தளர்ந்த இணைப்பும், தீர்ந்துபோன மின்கலமும், சற்றே துரு ஏறிய கம்பியும் கற்பிக்கும் பொறுமையை எந்த நிரலும் கற்பிக்காது. முதல் வகுப்பில் சிமுலேஷன், அடுத்த வகுப்பில் அதே சுற்று மேசையில் என்ற வரிசை நன்றாக அமைகிறது.

சிமுலேஷன் சொல்லும் சிறு பொய்களை ஆசிரியர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். கம்பிக்குள் எலக்ட்ரான்கள் மணிகளைப் போல ஓடுவதாகத் திரை காட்டும். உண்மையில், 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள தாமிரக் கம்பியில் 1 ஆம்பியர் மின்னோட்டம் பாயும்போது எலக்ட்ரான்களின் சராசரி நகர்வு வேகம் விநாடிக்குச் சுமார் 0.07 மில்லிமீட்டர்தான். ஒரு மீட்டர் நகர அவற்றுக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். இருந்தும் சுவிட்சைப் போட்டவுடன் பல்பு எரிகிறது. ஏன் என்று கேட்டால், கம்பி முழுவதும் ஏற்கெனவே எலக்ட்ரான்களால் நிரம்பியிருக்கிறது, எல்லாம் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நகரத் தொடங்குகின்றன என்ற உண்மைக்கு வகுப்பு வந்து சேரும்.

காணொலியை அளவுகோலாக்குதல்

மாணவர்களே எடுக்கும் காணொலியே பல்லூடகக் கருவிகளில் எனக்கு மிகவும் பிடித்தது. சாதாரணத் திறன்பேசிக் கேமரா விநாடிக்கு 30 படங்கள் எடுக்கிறது. அதாவது அடுத்தடுத்த இரண்டு படங்களுக்கு இடையே 0.033 விநாடி. கையிலிருந்து விடப்பட்ட ஒரு பந்து, முதல் இடைவெளியில் 0.54 செ.மீ., அடுத்ததில் 1.63 செ.மீ., அதற்கடுத்ததில் 2.72 செ.மீ., பிறகு 3.81 செ.மீ. என்று விழுகிறது. இந்தத் தொலைவுகளை முதல் தொலைவால் வகுத்துப் பார்த்தால் 1, 3, 5, 7 என்ற ஒற்றை எண்கள் வரிசையாக வந்து நிற்கும். சாய்தளத்தில் குண்டுகளை உருட்டி கலிலியோ கண்ட விதி இது. நானூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்த விதியை ஒரு பதினைந்து வயது மாணவி தன் கையால் எடுத்த காணொலியில் எண்ணிக் கண்டுபிடிக்கும்போது அவள் முகத்தில் வரும் ஒளியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இதற்கு டிராக்கர் என்ற இலவச மென்பொருள் பொருத்தமானது. காணொலியை அதில் திறந்து, பந்து கையை விட்டகலும் படத்தைத் தொடக்கமாகக் குறிக்க வேண்டும். பிறகு காட்சியில் இருக்கும் ஒரு மீட்டர் அளவுகோலின் இரு முனைகளையும் காட்டி, அதன் நீளம் 1 மீட்டர் என்று பதிய வேண்டும். அச்சுகளின் தொடக்கப் புள்ளியைப் பந்தின் மீது வைத்து, ஒரு நிறைப்புள்ளியை உருவாக்கி, ஷிஃப்ட் பொத்தானை அழுத்தியபடி ஒவ்வொரு படத்திலும் பந்தின் நடுவைச் சொடுக்கிக்கொண்டே போக வேண்டும். இடப்பெயர்ச்சி, திசைவேகம் ஆகியவற்றின் வரைபடங்கள் அருகிலேயே உருவாகிக்கொண்டு வரும். திசைவேக-நேர வரைபடத்தின் சாய்வு 9.8-க்கு அருகில் வர வேண்டும். கணினி இல்லாத வகுப்பில்கூட, காணொலியைப் படம் படமாக நகர்த்தி, திரையின்மீது ஒட்டிய ஒளிபுகும் தாளில் புள்ளி வைத்து அளந்துவிடலாம்.

எடுக்கும்போது நேரும் தவறுகளே பெரும்பாலும் முடிவைக் கெடுக்கின்றன. கேமரா கையில் இருக்கக் கூடாது. ஏதாவதொன்றின்மீது அசையாமல் நிற்க வேண்டும். வெளிச்சம் குறைந்தால் ஒவ்வொரு படத்துக்கும் கேமரா அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் விழும் பந்து, அறுபதில் ஒரு பங்கு விநாடியில் 5 செ.மீ. நகர்ந்துவிடுவதால், பந்துக்குப் பதிலாக ஒரு மங்கிய கோடுதான் பதிவாகும். ஆகவே திறந்த வெளியில், பகல் ஒளியில், பின்னணிக்கு மாறான நிறமுள்ள பந்தை வைத்து எடுப்பது நல்லது.

இவற்றைவிட நுட்பமான பிழை அளவுகோலை எங்கே வைப்பது என்பதில் நேர்கிறது. கேமராவிலிருந்து 2 மீட்டர் தொலைவில் சுவரில் அளவுகோலை ஒட்டிவிட்டு, 1.8 மீட்டர் தொலைவில் பந்தை விட்டால், பந்தின் இயக்கம் 11 விழுக்காடு பெரிதாகத் தெரியும். ஈர்ப்பு முடுக்கம் 9.8-க்குப் பதிலாக 10.9 என்று வரும். பந்து விழும் அதே தளத்தில் அளவுகோலும் இருக்க வேண்டும். மெதுவியக்கக் காணொலிகளிலும் ஒரு பொறி இருக்கிறது. விநாடிக்கு 240 படங்களாக எடுத்ததைச் சில திறன்பேசிகள் விநாடிக்கு 30 படங்கள் ஓடும் கோப்பாகச் சேமிக்கின்றன. மென்பொருள் அதை நம்பினால் நேரம் எட்டு மடங்காகவும், அதனால் முடுக்கம் அறுபத்து நான்கில் ஒரு பங்காகவும் மாறி, 0.15 மீ/வி² என்ற விடை வரும். இப்படி ஒரு விடை வந்தால் உடனே திருத்திவிட வேண்டாம். எட்டின் இருபடி ஏன் வந்தது என்று மாணவர்களைத் தேடவிட்டால், முடுக்கத்தின் அலகில் விநாடி ஏன் இருமுறை வருகிறது என்பது அவர்களுக்கு என்றைக்கும் மறக்காது.

திறன்பேசியின் உணரிகள்

ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி, திறன்பேசிக்குள் இருக்கும் முடுக்கமானி, ஒலிவாங்கி, காந்தமானி போன்ற உணரிகளை ஆய்வகக் கருவிகளாக்கிவிடுகிறது. திறன்பேசியும் கணினியும் ஒரே வலையமைப்பில் இருந்தால், அளவீடுகளைக் கணினியின் உலாவியில் திறந்து, ப்ரொஜெக்டர் வழியாக வகுப்பு முழுவதற்கும் நேரலையாகக் காட்டலாம்.

முதல் சோதனையாக ஒன்றைப் பரிந்துரைக்கிறேன். திறன்பேசியை மேசைமீது வைத்துவிட்டு, ஈர்ப்பையும் உட்கொண்ட முடுக்க அளவீட்டைத் திறந்தால் 9.8 என்று காட்டும். அசையாமல் கிடக்கும் பொருளுக்கு ஏன் முடுக்கம் காட்டுகிறது என்ற வினாவை வகுப்பின் முன் வைக்க வேண்டும். அடுத்து, ஒரு தடித்த மெத்தையின்மீது அதை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் அளவீடு என்னவாகும் என்று கணிக்கச் சொல்ல வேண்டும். பெரும்பாலோர் விழும்போது 9.8 என்றோ அதைவிடக் கூடுதலாகவோ எழுதுவார்கள். விழும் அந்த 0.45 விநாடிக்கு வரைபடம் ஏறத்தாழச் சுழியில் படுத்துக் கிடப்பதைக் கண்டதும் வகுப்பில் எழும் விவாதம் நீண்டு செல்லும். உணரி அளப்பது மேசை அதைத் தாங்கும் விசையின் விளைவைத்தான், தாங்குவதற்கு ஒன்றும் இல்லாதபோது அதற்கு அளக்கவும் ஒன்றுமில்லை என்ற விளக்கத்திலிருந்து, விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் ஏன் எடையற்றவர்களாக மிதக்கிறார்கள் என்பது வரை ஒரே நூலாகச் சென்றுவிடலாம்.

ஒலியின் வேகத்தை அளக்க இரண்டு திறன்பேசிகள் போதும். இரண்டையும் சரியாக 5 மீட்டர் இடைவெளியில் வைத்து, ஒலியால் இயங்கும் நிறுத்துகடிகாரத்தை இரண்டிலும் திறக்க வேண்டும். முதல் திறன்பேசியின் அருகே நிற்பவர் ஒருமுறை கைதட்டினால் அது உடனே ஓடத் தொடங்கும். இரண்டாவது, ஒலி அங்கே சென்று சேர்ந்த பிறகு தொடங்கும். பிறகு இரண்டாவதன் அருகே நிற்பவர் கைதட்டினால் அது உடனே நிற்கும்; முதலாவது சற்றுத் தாமதித்து நிற்கும். ஆகவே இரண்டு கடிகாரங்களும் காட்டும் நேரங்களின் வேறுபாடு, ஒலி 10 மீட்டர் பயணம் செய்ய எடுத்துக்கொண்ட நேரமாகிறது. அது ஏறத்தாழ 0.029 விநாடி வரும். 10-ஐ அதனால் வகுத்தால் விநாடிக்கு 340 மீட்டரை ஒட்டிய விடை கிடைக்கும். சுற்றுப்புற இரைச்சலால் கடிகாரம் தானாக ஓடிவிடாதபடி, ஒலி வரம்பைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். பத்து முறை அளந்து சராசரி எடுக்கச் சொன்னால் பிழை பற்றிய பாடமும் அதனுள்ளேயே அடங்கிவிடும்.

அதிர்வெண்ணில் சற்றே வேறுபடும் இரண்டு ஒலிகள் சேரும்போது எழும் விம்மல்களைக் கற்பிக்கும் வகுப்பில், ஒரு திறன்பேசியில் 440 ஹெர்ட்ஸும் மற்றொன்றில் 443 ஹெர்ட்ஸும் ஒலிக்கவிட்டு, விநாடிக்கு மூன்று முறை ஒலி எழுந்து தாழ்வதைக் கண்களை மூடிக் கேட்கச் சொல்ல வேண்டும். அதன் பிறகே ஆடாசிட்டி போன்ற ஒலிப்பதிவு மென்பொருளில் அதன் அலைவடிவத்தைக் காட்ட வேண்டும். காதில் கேட்டதைக் கண் உறுதிசெய்யும் இந்த வரிசை தலைகீழானால் சுவை போய்விடுகிறது.

நாமே தயாரிக்கும் படங்களும் விளக்கக் காட்சிகளும்

பல்லூடகக் கற்றலை நீண்ட காலமாக ஆராய்ந்த ரிச்சர்ட் மேயர் வகுத்த கோட்பாடுகள் இங்கே பெரிதும் துணைசெய்கின்றன. திரையில் முழுப் பத்தியை எழுதிவிட்டு அதையே ஆசிரியரும் படித்தால், மாணவரின் கவனம் படிப்பதற்கும் கேட்பதற்கும் இடையே சிதறுகிறது. படம் திரையில் இருக்கட்டும், சொல் ஆசிரியரின் வாயில் இருக்கட்டும். கதிர்ப் படத்தில் "குவியம்" என்ற சொல், படத்தின் ஓரத்தில் எண்ணிட்ட பட்டியலில் இருப்பதைவிட அந்தப் புள்ளியின் அருகிலேயே இருப்பது நல்லது. பின்னணி இசை, சுழன்று வரும் தலைப்புகள், பாடத்தோடு தொடர்பில்லாத வேடிக்கைப் படங்கள் ஆகியவற்றை இரக்கமின்றி நீக்கிவிட வேண்டும்.

மூன்று நிமிடத்துக்கு மேற்பட்ட காணொலியை நான் ஒருபோதும் இடைவெளியின்றி ஓட்டுவதில்லை. எங்கே நிறுத்துவது, அங்கே என்ன கேட்பது என்பதை முன்தினமே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்கிறேன். நெட்டலையைக் காட்டும் அசைவூட்டப் படமாக இருந்தால், ஒரே ஒரு துகளுக்கு மட்டும் சிவப்பு வண்ணம் கொடுத்து, "இந்தத் துகள் அலையோடு சேர்ந்து வலப்பக்கச் சுவரைச் சென்றடையுமா?" என்று கேட்டு நிறுத்தலாம். துகள் தன் இடத்திலேயே முன்னும் பின்னும் அசைய, அலை மட்டும் கடந்து செல்வதைக் கவனிக்க அந்த ஒரு சிவப்புப் புள்ளி போதும். ஆனால் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத மாணவர் வகுப்பில் இருக்கக்கூடும் என்பதால், நிறத்தோடு வடிவத்தையும் மாற்றுவது நல்லது.

அளவு விகிதத்தைப் பற்றிய எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சூரியக் குடும்பத்தைக் காட்டும் படங்கள் அனைத்தும் கோள்களைப் பெரிதாக்கியும் தொலைவுகளைச் சுருக்கியுமே வரையப்படுகின்றன. புவியை 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு மணியாகக் கொண்டால், சூரியன் சுமார் 11 செ.மீ. விட்டமுள்ள பந்தாக, ஏறத்தாழ 11.7 மீட்டர் தொலைவில் இருக்க வேண்டும். படத்தைக் காட்டி முடித்ததும் மாணவர்களை வெளியே அழைத்துச் சென்று, பந்தை ஒருவர் கையிலும் மணியை மற்றொருவர் கையிலும் கொடுத்து அந்தத் தொலைவில் நிற்க வைத்தால், திரை சொல்லாமல் விட்டது அவர்களுக்குப் புரிந்துவிடும். அணுவின் படங்களுக்கும் இதே கவனம் தேவை. உட்கருவைப் போலப் பல்லாயிரம் மடங்கு பெரியது அணு என்பதை எந்தப் பாடநூல் படமும் விகிதப்படி காட்ட முடியாது.

வகுப்புக்கு முன்தினம்

எல்லாக் கோப்புகளையும் கணினியிலேயே இறக்கி வைத்து, இணையத்தைத் துண்டித்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். கடைசி வரிசையில் அமர்ந்து திரையைப் பார்த்து, அம்மீட்டரின் எண் அங்கிருந்து படிக்க முடிகிறதா என்று சோதிக்க வேண்டும். மின்சாரம் நின்றுவிட்டாலும் அதே வினாவைக் கரும்பலகையில் தொடர்வதற்கு ஒரு வழியைக் கையில் வைத்திருக்க வேண்டும். கணினிகள் குறைவாக இருந்தால் மூவருக்கு ஒன்று என்று பிரித்து, இயக்குபவர், அளவை எழுதுபவர், முன்கணிப்பைச் சரிபார்ப்பவர் என்ற பொறுப்புகளைப் பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை மாற்றிக் கொடுக்கலாம். இல்லையெனில் சுட்டியைப் பிடித்தவர் மட்டுமே கற்பார்.

கற்றார்களா என்று அறிவது

திரையில் பார்த்ததை அப்படியே திருப்பிக் கேட்கும் வினாக்கள் நினைவாற்றலை மட்டுமே அளக்கும். எறிபொருள் சிமுலேஷனை 45 பாகைக் கோணத்தில் இயக்கிப் பார்த்த வகுப்பிடம், "ஓர் உயரமான மாடியிலிருந்து எறிந்தால் 45 பாகைதான் மிக அதிகத் தொலைவைத் தருமா?" என்று கேட்க வேண்டும். எறியும் இடம் விழும் இடத்தைவிட உயரமாக இருந்தால் சிறந்த கோணம் 45 பாகைக்குக் குறைந்துவிடும் என்பதை முதலில் காரணத்தால் ஊகித்து, வேகத்தை மாற்றாமல் உயரத்தை மட்டும் கூட்டி, அதே சிமுலேஷனில் சரிபார்க்கும் மாணவர், கருவியைத் தம் சிந்தனைக்குத் துணையாகப் பயன்படுத்தத் தெரிந்தவராகிறார்.

நான் ஒவ்வொரு பாடப்பகுதியின் முடிவிலும் ஒரே வகையான வினாவைத் தவறாமல் கொடுக்கிறேன்: இன்று பார்த்த படத்தில் அல்லது சிமுலேஷனில் இயற்கையில் உள்ளபடி இல்லாதது எது, அதை ஏன் அப்படிச் செய்திருப்பார்கள்? காற்றின் தடையை விட்டுவிட்டார்கள் என்று ஒருவர் எழுதுவார். கம்பிகளுக்கு மின்தடையே இல்லை என்று இன்னொருவர் எழுதுவார். ஊசல் உராய்வின்றி நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கிறது என்பதைக் கண்டவரும் இருப்பார். அந்தத் தாள்களைத் திருத்தும்போது யார் படத்தைப் பார்த்தார், யார் இயற்பியலைப் பார்த்தார் என்பது எனக்குத் தெரிந்துவிடுகிறது. அடுத்த வகுப்பின் முதல் வினாவையும் அவற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன்.